சொந்தமாகக் கட்டிய சிறு விமானத்தில் பிரேக் லைனும் சக்கர உறையும் மாற்றுவது எப்படி?

சொந்தமாகக் கட்டிய விமானத்தை வைத்திருப்பவர்களும், பிறர் கட்டியதை வாங்கியவர்களும் சீக்கிரமே கைவைக்க நினைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று பழைய பிரேக் லைன், அதாவது மிதியிலிருந்து சக்கரத்து பிரேக்குக்கு எண்ணெய் போகும் குழாய். மற்றது சக்கர உறை, காற்றின் இழுவையைக் குறைக்கச் சக்கரத்தின் மேல் மாட்டும் பைபர்கிளாஸ் கூடு. இரண்டைப் பற்றியும் தகவல் நிறையவே கிடைக்கிறது. ஆனால் எல்லாம் துண்டு துண்டாக இருக்கும். லைனைப் பற்றி எழுதுபவர் உறையைப் பற்றிப் பேசமாட்டார், உறை பொருத்துபவர் பிரேக்கின் பக்கமே திரும்பமாட்டார். அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் புரிந்துகொள்ள நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவை இரண்டும் ஒரே வேலை. உறை போட்டதும் பிரேக் கண்ணிலிருந்து மறைகிறது, அதன் சூடு வெளியேறும் வழியும் குறைகிறது. ஆகவே முதலில் லைன், பிறகு சோதனை, அதன் பிறகுதான் உறை. இந்த வரிசையை மாற்றினால் ஒட்டிய பைபர்கிளாஸை மறுபடி அறுக்க வேண்டி வரும்.

1. ஸ்பானரைத் தொடுமுன் தாள்களை எடுங்கள்

மேசையில் இருக்க வேண்டியவை: விமானத்தின் லாக் புக், கடைசியாக எடுத்த எடை-சமநிலைத் தாள், கட்டுமான வரைபடம், சக்கரமும் பிரேக்கும் செய்த நிறுவனத்தின் பராமரிப்புக் கையேடு, பறப்புச் சான்றிதழோடு இணைத்துத் தந்த நிபந்தனைத் தாள். பலரும் புரட்டிப் பார்க்காதது கடைசியில் சொன்னதுதான். மாற்றம் செய்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், மறுபடி சோதனைப் பறப்பு வேண்டுமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

விதி நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கப் பதிவு என்றால், அந்த நிபந்தனைத் தாள் ‘பெரிய மாற்றம்’ என்று எதைச் சொல்கிறது என்பதே முக்கியம். அதே வகை லைனை அதே பாதையில் புதிதாகப் போடுவது பெரிய மாற்றமாகாது. பிரேக் அமைப்பையே வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது, எடை மையம் கணிசமாக நகர்வது போன்றவை வேறு கதை. பிரிட்டனில் எல்ஏஏ எனப்படும் இலகு விமானச் சங்கத்தின் கீழ் பறக்கும் விமானம் என்றால், மாற்றத்துக்கு அந்தச் சங்கத்தின் பொறியியல் பிரிவு ஒப்புதல் தர வேண்டும். பொருளை வாங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். ஒப்புதல் வரும்வரை விமானம் தரையிலேயே நிற்கும், பல சமயம் வேலையைவிட இதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும்.

உங்கள் விமானத்தை ஆண்டுதோறும் பார்த்துக் கையெழுத்திடுபவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். எந்தக் கட்டத்தில் அவர் நேரில் பார்க்க விரும்புகிறார் என்று கேளுங்கள். உறை மூடிய பிறகு கூப்பிட்டால் கழற்றிக் காட்டச் சொல்வார், அதில் தப்பே இல்லை.

2. இப்போது இருப்பதைப் பதிவு செய்யுங்கள்

மிதி அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேடுகளால் கவ்வும் கேலிப்பர் வரை லைன் போகும் பாதை முழுவதையும் படம் எடுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் என்ன ஃபிட்டிங், நேரா வளைவா, எந்தக் கோணத்தில் திரும்பி நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து எண்ணெய். சிறு விமானங்களில் பெரும்பாலும் 5606 எனப்படும் சிவப்புக் கனிம எண்ணெய்தான் இருக்கும். அதோடு கலக்கக்கூடிய, தீப்பற்றும் வெப்பநிலை அதிகமான 83282 என்ற செயற்கை எண்ணெயும் சிவப்பே. கார்களுக்கான டாட் 3, டாட் 4 வகைகள் வேறு இனம். 5606-க்காகச் செய்த நைட்ரைல் ஓ-ரிங்குகள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) டாட் எண்ணெய் பட்டால் ஊதிக் கெட்டுவிடும். டாட் எண்ணெய்க்கான ரப்பரில் 5606 பட்டாலும் அதே கதிதான்.

பிறர் கட்டிய விமானத்தை வாங்கியவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருங்கள். சிவப்பாக இருப்பதாலேயே 5606 என்று முடிவு கட்டாதீர்கள். கார் கியர்பாக்ஸ் எண்ணெயும் சிவப்புதான், அதை ஊற்றி ஓட்டியவர்களும் உண்டு. லாக் புக்கில் எழுத்து இல்லையென்றால் எல்லாவற்றையும் வடித்து, கழுவி, மாஸ்டர் சிலிண்டரிலும் கேலிப்பரிலும் ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஓ-ரிங் விலை இந்த வேலையின் மொத்தச் செலவில் கண்ணுக்கே தெரியாது.

3. எந்த லைன்?

சாதாரணமாக மூன்று வகை.

பிளாஸ்டிக் குழாய் இலேசானது, மலிவு, வளைத்துக் கொண்டுபோக எளிது. சூடுதான் அதன் எதிரி. பின்னால் புரொப்பெல்லர் வைத்த லாங்-ஈஇசட் போன்ற கூட்டுப்பொருள் விமானங்களில் நைலான் குழாயைச் சக்கரத்தைத் தாங்கும் கால் வழியாகவே கீழே இறக்கியிருப்பார்கள். கேலிப்பரை நெருங்கும் கடைசிப் பகுதியில் அது இளகினால், மிதி கீழே போய்விடும், பிரேக் இருக்காது. உடலுக்குள் அது இருந்துவிட்டுப் போகட்டும், கேலிப்பர் பக்கம் வேண்டாம் என்பது என் முடிவு.

அலுமினியக் குழாய், வழக்கமாகக் கால் அங்குல வெளிவிட்டம் கொண்ட மிருதுவான 5052 என்ற கலப்புலோக வகை, சூட்டைத் தாங்கும். ஆனால் அசைவைத் தாங்காது. கேலிப்பர் அசையாமல் நிற்கும் பொருள் அல்ல. பிரேக் பிடிக்கும்போதும், பேட் தேயத் தேயவும், அது தன் ஊசிகளில் உள்ளும் வெளியுமாக நகரும். நேராக வந்து கேலிப்பரில் முடியும் அலுமினியக் குழாய் ஒவ்வொரு முறையும் சற்று வளைந்து நிமிரும், நாளடைவில் இறுகி ஃப்ளேர் (இணைப்புக்காக விரித்த குழாய் வாய்) பக்கத்தில் விரிசல் விடும். இதனால்தான் பழைய விமானங்களில் அச்சைச் சுற்றி ஒரு வளையம் போட்டிருப்பார்கள்.

மூன்றாவது, உள்ளே டெஃப்லான், வெளியே துருப்பிடிக்காத எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ். சூடு, அசைவு இரண்டையும் தாங்கும். இன்று மேம்படுத்தல் என்று சொன்னால் பெரும்பாலும் இதுதான். உடலுக்குள் அலுமினியம், காலிலிருந்து கேலிப்பர் வரை பின்னல் ஹோஸ் என்ற கலவை எடையிலும் செலவிலும் நியாயமானது. முழுக்க ஹோஸ் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

பின்னல் ஹோஸுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. எதன் மேல் உரசினாலும் அரம் மாதிரி அறுத்துவிடும். அலுமினியத் தகடு, பைபர்கிளாஸ், பக்கத்து ஒயர் எதுவும் தப்பாது. ஆகவே மேலே உறையிட்ட ஹோஸ் வாங்குங்கள், அல்லது உரசும் இடங்களில் தனி உறை போடுங்கள். ரப்பர் மெத்தை வைத்த அடெல் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். கேபிள் டை மட்டும் நம்பி விடாதீர்கள்.

4. அளந்து ஆர்டர் கொடுங்கள்

ஹோஸின் நீளத்தை வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். ஒரு வெல்டிங் கம்பியையோ தடித்த ஒயரையோ ஹோஸ் போகவேண்டிய பாதையில் வளைத்து வைத்து, அதை நிமிர்த்தி அளங்கள். விமானம் சக்கரத்தில் நிற்கும்போது ஒரு முறை, ஜாக்கில் தூக்கிக் கால் தொங்கும்போது ஒரு முறை. பேட் புதிதாக இருக்கும் நிலை, முழுக்கத் தேய்ந்த நிலை இரண்டுக்கும் கேலிப்பரை நகர்த்திப் பாருங்கள். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் நீளம் சற்று மாறும். அதனால் 5 முதல் 8 சதவீதம் தளர்வு விடுவது வழக்கம். அதற்கு மேல் விட்டால் தொங்கி உரசும்.

ஆர்டர் கொடுக்கும்போது நீளம் எங்கிருந்து எங்கே என்று தெளிவாக எழுதுங்கள். ஃபிட்டிங்கின் உட்கார்முகத்திலிருந்து மறுமுனை உட்கார்முகம் வரையா, வெறும் ஹோஸ் நீளமா என்பதில்தான் தகராறு வரும். இரண்டு முனையிலும் வளைந்த ஃபிட்டிங் இருந்தால் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் திரும்பியிருக்க வேண்டும் என்பதும் ஆர்டரில் வேண்டும். அளவு சொல்லிச் செய்து வாங்கும் ஹோஸை யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

இனி, பார்த்தால் ஏமாற்றக்கூடிய ஒரு பொறி. விமானக் குழாயின் ஃப்ளேர் கோணம் 37 பாகை. கார்களில் 45 பாகை. கால் அங்குலக் குழாய்க்கு இரண்டிலும் நட்டின் மரை 7/16-20 தான். அதனால் கார்க் கடை ஃபிட்டிங் கையால் சுற்றினாலே சுகமாக ஏறும், இறுக்கினால் இறுகும். உள்ளே இரண்டு முகமும் ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். உடனே கசியாமலும் இருக்கலாம், அதுதான் பிரச்சினை. ஃப்ளேர் கருவி கடன் வாங்கினால் அதில் 37 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

உதிரி ஃபிட்டிங்குகள், ஓ-ரிங்குகள், காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள் புதிதாக இரண்டு எல்லாவற்றையும் ஒரே ஆர்டரில் வாங்கிவிடுங்கள். ஒரு வளைவு ஃபிட்டிங் குறைந்ததற்காக அனுப்பும் கூலி கொடுத்து மறுபடி காத்திருப்பது எரிச்சலான செலவு.

5. பொருத்துதல்

விமானத்தை ஜாக்கில் ஏற்றி, ஜாக் நழுவாதபடி கட்டி, கீழே தட்டு வைத்து எண்ணெயை வடியுங்கள். பழைய லைனைக் கழற்றியவுடன் திறந்த வாய்களை மூடிவிடுங்கள். ஒரு சிட்டிகை அலுமினியத் தூள் உள்ளே போனாலும் மாஸ்டர் சிலிண்டர் சீல் கீறிப்போகும்.

குழாயை வெட்டக் குழாய் வெட்டியே வேண்டும், ஹேக்சா வேண்டாம். உட்பிசிறை நீக்குங்கள். நட்டையும் ஸ்லீவையும் குழாயில் ஏற்றிவிட்டு அப்புறம் ஃப்ளேர் பண்ணுங்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்று சிரிப்பீர்கள். இரண்டாவது முனையை ஃப்ளேர் செய்யும்போது மட்டும் நினைவில் வையுங்கள். அசையாத இரண்டு புள்ளிகளுக்கு நடுவே குழாயை ஒருபோதும் நேர்கோட்டில் போடக் கூடாது. ஒரு வளைவாவது இருந்தால்தான் அதிர்வும் வெப்ப விரிவும் ஃப்ளேரைப் பிடித்து இழுக்காது.

கால் அங்குல மிருதுவான அலுமினியக் குழாய்க்கு நட்டின் இறுக்கம் 40 முதல் 65 இன்ச்-பவுண்டு. கையளவில் இது மிகக் குறைவாகத் தோன்றும். இறுக்கத்தை அளந்து காட்டும் சின்ன டார்க் ரென்ச் இல்லாதவர்கள் பெரும்பாலும் அதிகமாகத்தான் இறுக்குகிறார்கள். அப்படி நசுக்கிய ஃப்ளேர் கசியும்போது இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நிலைமை மோசமாகும். ஹோஸ் முனைக்கு அதைச் செய்தவர் தரும் அளவே கணக்கு.

ஹோஸை இறுக்கும்போது இரண்டு ஸ்பானர் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஹோஸின் நீளவாக்கில் அச்சிட்ட எழுத்தோ கோடோ இருக்கும். இறுக்கி முடித்ததும் அது சுருளாகச் சுற்றியிருந்தால் ஹோஸ் முறுக்கிக்கொண்டது என்று பொருள். கழற்றி மறுபடி செய்யுங்கள்.

கேலிப்பரில் ஏறும் குழாய் மரை சரிவானது. அதற்கு மட்டும் திரவ சீலன்ட் போடலாம், முதல் ஓரிரு மரைகளை விட்டுவிட்டு. டெஃப்லான் டேப் எங்கேயும் வேண்டாம். அதன் நார் பிய்ந்து போய்ச் சின்ன துவாரங்களை அடைக்கும். ஃப்ளேர் மரைகளில் எதுவுமே தடவக் கூடாது, அங்கே அடைப்பது உலோக முகந்தான். வளைவு ஃபிட்டிங்கைச் சரியான திசைக்குக் கொண்டுவர இன்னொரு சுற்று என்று வலிந்து திருப்பினால் கேலிப்பரின் வார்ப்பு விரிசல் விடும். கேலிப்பரின் விலையைப் பார்த்தால் அந்த ஆசை போய்விடும்.

6. எண்ணெய் ஏற்றிக் காற்றை வெளியேற்றுதல்

கார் பழக்கத்தில் மிதியை அழுத்தி அழுத்திக் காற்று எடுக்கப் பார்ப்பவர்கள் நாள் முழுக்க அழுத்திக்கொண்டே இருப்பார்கள். விமானத்தில் பெரும்பாலும் கீழிருந்து மேலே தள்ளுவதே சுலபம். குமிழி மேலே போகத்தான் விரும்பும்.

பார்க்கிங் பிரேக் வால்வைத் திறந்து வையுங்கள். எல்லா மிதிகளும் முழுக்கப் பின்னால் வந்திருக்க வேண்டும், பயணி பக்கத்து மிதிகளும் சேர்த்து. மாஸ்டர் சிலிண்டர் முழுதாக நீளாவிட்டால் உள்ளே உள்ள திறப்பு மூடியே இருக்கும், எண்ணெய் மேலே போகாது. பம்ப் வைத்த எண்ணெய்க் கேனில் தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, குழாயில் இருக்கும் காற்றை முதலில் வெளியேற்றிவிட்டு, கேலிப்பரின் அடியில் உள்ள பிளீடர் நிப்பிளில் மாட்டுங்கள். நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, நிதானமாக விடாமல் பம்ப் செய்யுங்கள். மேலே ரிசர்வாயர் (எண்ணெய்த் தொட்டி) பக்கம் ஒருவர் நின்று குமிழி நிற்கிறதா என்று பார்க்கட்டும், நிரம்புவதைச் சிரிஞ்சால் எடுக்கட்டும். யாரும் இல்லாமல் தனியாகச் செய்தால் எண்ணெய் கம்பளத்தில்தான் போகும்.

முடிந்ததும் ரிசர்வாயரை விளிம்புவரை நிரப்பாதீர்கள். பிரேக் சூடேறும்போது எண்ணெய் விரியும். இடம் இல்லாவிட்டால் அந்த அழுத்தம் பேடின் மேல் விழும், பிரேக் தானாகப் பிடிக்கும், இன்னும் சூடேறும். மூடியில் உள்ள காற்றுத்துளை அடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மிதி பஞ்சு மாதிரி அமுங்கினால் எங்கோ காற்று நிற்கிறது. பாதையில் உயரமாக வளைந்து இறங்கும் இடம் இருந்தால் சந்தேகம் அங்கேதான்.

7. உறை போடாமலே சோதியுங்கள்

உலர்ந்த டிஷ்யூ தாளை ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதியைப் பலமாக அழுத்திப் பிடிக்கட்டும், சில நிமிடங்கள். துடைத்தால் தெரியாத கசிவும் தாளில் இளஞ்சிவப்புப் பொட்டாகத் தெரியும். மிதியை விட்டதும், ஜாக்கில் இருக்கும் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். இலகுவாகச் சுற்ற வேண்டும். இழுத்துப் பிடித்தால் மிதியின் ஸ்பிரிங், ரட்டர் (வாலில் உள்ள திசைச் சுக்கான்) கேபிளின் இழுவிசை, கேலிப்பர் ஊசிகளில் அழுக்கு என்ற வரிசையில் தேடுங்கள். விடாமல் உரசும் பிரேக்கின் மேல் உறையை மாட்டுவதுதான் தீ விபத்துக்கு நேர்வழி.

புதிய பேட் போட்டிருந்தால் அதைப் பதப்படுத்த வேண்டும். உலோகம் கலந்த பேட் என்றால் 30-35 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டு முறை முழு நிறுத்தம், பிறகு 10-15 நிமிடம் ஆறவிடுதல் என்பது பரவலான முறை. உலோகம் கலக்காத வகைக்கு முறை வேறு, பேட் பெட்டியோடு வரும் தாளைப் படியுங்கள். இதற்கு நீளமான, காலியான ஓடுபாதை வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு நட்டிலும் அடையாள வண்ணம் ஒரு கோடு இழுத்துவிட்டுச் சில பறப்புகள் உறையில்லாமலே பறந்து வாருங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. எல்லாம் காய்ந்து கிடந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

8. எந்த உறை வாங்குவது?

டயரின் பெயர் அளவை நம்பி வாங்காதீர்கள். 5.00-5 என்று எழுதியிருக்கும் இரண்டு நிறுவன டயர்களின் உண்மை அகலமும் உயரமும் ஒன்றல்ல. நீங்கள் போடக்கூடிய மிகப் பெரிய டயரை மாட்டி, சரியான காற்றழுத்தத்தில் அளங்கள். சுழலும்போது டயர் இன்னும் சற்றுப் பெருக்கும்.

முன்பாதி, பின்பாதி என்று பிரியும் உறை ஒரே துண்டு உறையைவிடப் பல மடங்கு வசதி. முன்பாதியைக் கழற்றினாலே பிரேக் தெரியும். திருகும் அதைப் பிடிக்கும் நட்டுத்தகடும் கூடுவதால் எடை சற்றுக் கூடும், கவலை வேண்டாம்.

புல் ஓடுபாதையும் சேறுந்தான் உங்கள் அன்றாடம் என்றால், உறை வேண்டுமா என்று இன்னொரு முறை யோசியுங்கள். சேறு உள்ளே அடைந்து காய்ந்தால் சக்கரமே சுற்றாது. மழைக்காலத்தில் கழற்றி வைப்பவர்கள் உண்டு. ஆனால் கழற்றிய நிலைக்கும் எடைத் தாளில் தனியாக ஒரு வரி இருக்க வேண்டும்.

செலவில் எல்லாரும் விட்டுவிடுவது பெயின்ட். உறையின் விலையைப் பார்ப்போம், பிராக்கெட்டும் திருகும் கணக்குப் போடுவோம். உறைக்கும் காலுக்கும் நடுவே வரும் இணைப்பு உறைகளும், ஊசித்துளை அடைத்துத் தேய்த்து விமானத்தின் நிறத்தோடு ஒத்துப்போகப் பெயின்ட் அடிப்பதும் உறையின் விலையைத் தாண்டிவிடும். நேரமும் அப்படித்தான். ஹோஸ் கையில் இருந்தால் லைன் வேலை ஒரு வார இறுதியில் முடியும். உறை வேலையில் ஒவ்வொரு ஒட்டும் காய வேண்டும், பல வாரங்களின் மாலைப்பொழுதைத் தின்னும்.

9. நேர்ப்படுத்துதல்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்பட வேண்டாம்.

விமானம் பறக்கும் நிலையில் உறை காற்றோடு நேராக இருக்க வேண்டும், தரையில் நிற்கும் நிலையில் அல்ல. பின்சக்கர விமானம் தரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். ஆகவே விமானத்தை ஜாக்கில் தூக்கி, சக்கரத்தில் எடை இல்லாமல், நீளவாக்கிலும் குறுக்கிலும் மட்டம் பார்த்து நிறுத்துங்கள். எடை நீங்கியதும் கால் நிமிரும், சக்கரத்தின் கோணம் மாறும். காற்றில் இருக்கும்போதும் அந்தக் கோணத்தில்தான் இருக்கும்.

விமானத்தின் நடுக்கோட்டை முன்னும் பின்னும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். அதற்கு இணையாக ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒரு கோடு. உறையின் மூக்கு நுனியும் வால் நுனியும் அந்தக் கோட்டின் மேல் விழ வேண்டும். சக்கரத்தை வைத்து உறையை நேர்ப்படுத்தாதீர்கள். சக்கரம் சற்று உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கலாம், காற்றுக்கு அது தெரியாது.

டயரின் உச்சியில் ஒரு அங்குலக் கனமான மரக்கட்டையையோ ஃபோம் துண்டையோ வைத்து அதன் மேல் உறையை உட்கார வைப்பது பரவலான வழி. கட்டையை எடுத்ததும் அந்த இடைவெளி நிற்கும். பக்கங்களில் அரை அங்குலத்தை ஒட்டி இருக்கட்டும். அடியில் உறையின் விளிம்பு தரையை எவ்வளவு நெருங்குகிறது என்பதையும் யோசியுங்கள். டயரில் காற்று இறங்கினால் முதலில் தரையைத் தொடுவது அந்த விளிம்புதான்.

துளை போடும் முன் கேலிப்பரைக் கையால் முழு நீளத்துக்கும் நகர்த்திப் பாருங்கள். உறையிலோ பிராக்கெட்டிலோ அது இடிக்கக் கூடாது. ஹோஸுக்கும் உறைக்கும் நடுவே விரல் நுழைய வேண்டும். பிராக்கெட்டைக் கழற்றாமல் பேட் மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாவிட்டால் பேட் மாற்றுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

திருகுத் துளையைச் சுற்றி பைபர்கிளாஸ் முதலில் விரியும். உட்பக்கம் இரண்டு மூன்று அடுக்குத் துணி கூடுதலாக ஒட்டிப் பலப்படுத்துங்கள். பாலியெஸ்டரில் செய்த உறையின் மேல் எப்பாக்சி நன்றாகவே ஒட்டும். எப்பாக்சியின் மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. எது எதன் மேல் என்று தெரியாவிட்டால் எப்பாக்சியையே எடுங்கள். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

கால் உறை, அதாவது சக்கரக் காலைச் சுற்றி வரும் நீண்ட உறை, இன்னும் கறாரானது. அது சற்றுத் திரும்பியிருந்தாலே ஒரு சின்ன ரட்டர் போல வேலை செய்யும், விமானம் பக்கவாட்டில் சறுக்குவதைக் காட்டும் கருவியின் பந்து ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும். அதன் பின்விளிம்பிலிருந்து நூல் கட்டி நடுக்கோட்டோடு இரண்டு பக்கமும் ஒப்பிட்டு அளங்கள். எவ்வளவு அளந்தாலும் உடலுக்கடியில் காற்று முழுக்க நேராக ஓடாது. ஆகவே இணைப்பு உறைகளை ஒட்டும் முன், கால் உறையை டேப்பும் கிளாம்பும் வைத்துத் தற்காலிகமாக நிறுத்தி ஒரு முறை பறந்து பந்தைப் பாருங்கள். திருத்தம் செய்ய அதுதான் கடைசி வாய்ப்பு. இணைப்பு உறை ஒட்டிவிட்டால் எல்லாம் ஒன்றாக இறுகிவிடும்.

10. சூட்டுக்கு வழி விடுங்கள்

மூக்குச் சக்கரம் மிதியோடு இணையாமல் தானாகத் திரும்பும் வகை விமானங்களில் தரையில் திசை திருப்புவதே பிரேக்கால்தான். அதிக ஆர்பிஎம் வைத்துப் பிரேக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டே நீளமாக டாக்ஸி (தரையில் ஓட்டுதல்) செய்தால் ஓ-ரிங் சூடேறி எண்ணெய் கசியும், சிவந்த டிஸ்க்கின் மேல் பட்டுத் தீப்பிடிக்கும். உறை அந்தத் தீக்கு எரிபொருள். சிர்ரஸ் போன்ற சான்றிதழ் பெற்ற விமானங்களிலும் பிரேக் தீ நடந்திருக்கிறது. அதனால்தான் அவற்றின் கேலிப்பரில் வெப்பம் காட்டும் ஸ்டிக்கர் ஒட்டி, உறையில் பார்க்கும் துளையும் வைத்தார்கள். குறிப்பிட்ட வெப்பம் தாண்டினால் ஸ்டிக்கரின் வெள்ளைப் பகுதி கறுத்து அப்படியே நின்றுவிடும். மலிவான பொருள், நீங்களும் ஒட்டுங்கள்.

உறையின் உட்பக்கம் கேலிப்பரை ஒட்டிய பகுதியில் வெப்பம் திருப்பும் அலுமினியப் படலம் ஒட்டலாம். கால் கூட்டுப்பொருளால் ஆனதென்றால் அச்சுப் பக்கத்தில் வெப்பத் தடுப்பு கட்டாயம், சூடேறினால் காலே இளகும். நைட்ரைலுக்குப் பதிலாக அதிக வெப்பம் தாங்கும் வைட்டான் ஓ-ரிங் போடுவோரும் உண்டு. கடும் குளிரில் வைட்டான் விறைத்துக் கசியக்கூடும் என்பதால் உங்கள் பகுதியின் குளிரைப் பார்த்து முடிவெடுங்கள். நின்ற பிறகும் சில நிமிடங்கள் டிஸ்க்கின் சூடு கேலிப்பருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். சூடான பிரேக்கில் பார்க்கிங் பிரேக் போடாதீர்கள்.

டயருக்குக் காற்றடிக்க உறையில் ஒரு துளையும் மூடியும் வையுங்கள். இல்லாவிட்டால் யாரும் காற்றழுத்தம் பார்க்கமாட்டோம், அதுதான் மனித இயல்பு. காற்று மெதுவாக இறங்கும் பியூட்டைல் டியூபுக்குக் கூடக் கொடுக்கும் பணம் உறையுள்ள விமானத்தில் வீண் இல்லை.

11. எடையும் எழுத்தும்

முடிந்தால் விமானத்தையே மறுபடி எடை போடுங்கள். முடியாவிட்டால் ஏற்றியதையும் இறக்கியதையும் தனித்தனியே நிறுத்துக் கணக்குப் போடுங்கள், பெயின்ட் அடித்த பிறகு. உதாரணமாக வெற்று எடை 480 கிலோ, மையம் குறிப்புக் கோட்டிலிருந்து 1.950 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். திருப்புமை, அதாவது எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது, 936. உறைகள் 5.4 கிலோ, 1.60 மீட்டரில் இருந்தால் கூடும் திருப்புமை 8.64. மொத்தம் 944.64, அதை 485.4-ஆல் வகுத்தால் 1.946 மீட்டர். மையம் 4 மில்லிமீட்டர் முன்னே நகர்கிறது. சின்னதுதான். ஆனால் ஏற்கனவே முன் எல்லையை ஒட்டிப் பறப்பவருக்குச் சின்னதல்ல. சுமக்கக்கூடிய எடையிலும் 5.4 கிலோ போய்விட்டது.

லாக் புக்கில் தேதி, மொத்தப் பறப்பு மணி, கழற்றியது, போட்டது, பாகங்களின் எண்கள், எண்ணெயின் வகை, இறுக்கிய அளவு, கசிவுச் சோதனை, புதிய வெற்று எடையும் மையமும், கையெழுத்து எல்லாம் வேண்டும். ஹோஸ் செய்தவர் தந்த அழுத்தச் சோதனைத் தாள் இருந்தால் கூடவே வையுங்கள். பழைய எடைத் தாளைக் கிழிக்காமல், ‘மாற்றப்பட்டது’ என்று தேதியோடு எழுதி வையுங்கள். விமானத்துக்குள் இருக்கும் நகலை மாற்ற மறக்கவேண்டாம்.

12. முதல் பறப்புகள்

முதலில் மெதுவான டாக்ஸி, பிறகு வேகமான டாக்ஸி, உறையைக் கழற்றிப் பார்வை. மூக்குச் சக்கரத்துக்கும் உறை போட்டிருந்தால் அதன் எடையால் சக்கரம் நடுங்கத் தொடங்கலாம். சக்கரம் திரும்பும் இறுக்கத்தை வரைபடம் சொல்லும் அளவில் சரிபாருங்கள்.

வேகம் எவ்வளவு கூடியது என்று தெரிய வேண்டுமென்றால், உறை போடும் முன்பே ஒரு முறை அளந்திருக்க வேண்டும். அதே உயரம், அதே பவர், ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் ஜிபிஎஸ் வேகம் எடுத்துக் காற்றைக் கழித்துப் பாருங்கள். நல்ல உறையும் கால் உறையும் சேர்ந்தால் வேகமான விமானத்தில் பல நாட் கூடும், மெதுவான விமானத்தில் அந்த அளவு எதிர்பார்க்காதீர்கள். இறங்கும்போதும் வித்தியாசம் தெரியும். இழுவை குறைந்திருப்பதால் விமானம் ஓடுபாதைக்கு மேல் மிதந்துகொண்டே போகும். பவரைச் சற்று முன்பே குறைக்கப் பழகுங்கள்.

முதல் சில பறப்புகளுக்குப் பிறகு உறைகளை முழுக்கக் கழற்றுங்கள். உள்ளே டயர் தொட்ட கறுப்புக் கோடு இருக்கிறதா, ஹோஸின் மேல் பளபளவென்று தேய்ந்த இடம் இருக்கிறதா, நட்டுகளின் வண்ணக்கோடு அப்படியே இருக்கிறதா, ஸ்டிக்கர் கறுத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தொட்ட தடம் இருந்தால் அந்த இடத்தில் உறையைத் தேய்த்து இடம் விடுங்கள். அடுத்த எண்ணெய் மாற்றத்தின்போது இதே பார்வையை இன்னொரு முறை செய்துவிட்டு, பிறகு ஆண்டுச் சோதனையின் பட்டியலில் சேர்த்துவிடலாம்.